போர்ட் பட்டியல் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை நான் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் குளோன் (வேறு நிறுவனம் செய்த நகல்) ஒன்று போன வாரம்வரை ஒழுங்காக ஓடியது. இப்போது ஸ்கெட்ச் (அதில் ஓட நாம் எழுதும் நிரல்) ஏற்றினால் ‘நாட் இன் சிங்க்’ என்று பத்து முறை சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. புதிதாக வந்த ஈஎஸ்பி32 போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்கெட்ச்சை எழுதி ஏற்றும் மென்பொருளான ஐடிஇயின் பட்டியலில் அது வரவே இல்லை. பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிட்டு ஐடிஇயை மூன்று முறை நிறுவியாயிற்று. இதற்கிடையில், நானோவில் ஒரு ஹெச்சி-05 புளூடூத் மாட்யூல் மாட்டியதையும் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், தயவுசெய்து நான்காவது முறை நிறுவாதீர்கள். ஐடிஇயை மறுபடி நிறுவியதால் மட்டும் அப்லோட் சரியானதாக எனக்கு ஒரு சம்பவம்கூட நினைவில்லை. சரியானதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் நடுவில் கேபிளைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அல்லது கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் அது நன்மைக்குப் பதில் ஒரு புதுச் சிக்கலையும் சேர்த்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஒரு சொல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தமிழில் போர்டும் போர்ட்டும் காதில் ஒன்றுபோலவே விழும். போர்டு என்றால் கையில் இருக்கும் பலகை. போர்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் அதற்குக் கிடைக்கும் பெயர்: விண்டோஸில் காம்3, காம்7 என்று வருவது. இந்த இரண்டில் எங்கே கோளாறு என்பதே உங்கள் இரண்டு நோய்களையும் பிரிக்கிறது.

எந்த அப்லோட் கோளாறுக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி இது ஒன்றுதான். போர்டைக் கழற்றிவிட்டு டூல்ஸ் மெனுவில் போர்ட் பட்டியலைப் பாருங்கள். மாட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு வரி கூடுகிறதா? கூடினால் கேபிள், யூஎஸ்பி சிப், டிரைவர் மூன்றும் ஏறக்குறைய நலம், கோளாறு அதற்கு அப்பால். கூடாவிட்டால் ஸ்கெட்ச், போர்டு தேர்வு, பூட்லோடர் (சிப்பில் இருந்து புது ஸ்கெட்ச்சை வாங்கிக்கொள்ளும் குட்டி நிரல்) எதையும் தொடவே வேண்டாம், ஏனென்றால் பேச்சு இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. பட்டியலில் ஏற்கெனவே காம்1 என்று ஒன்று இருந்தால் ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் மதர்போர்டின் சொந்த சீரியல் போர்ட்; போர்டை மாட்டினாலும் கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும். மாறுகிற வரிதான் உங்கள் வரி.

ஈஎஸ்பி32க்கு வரி கூடவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது. விளக்கு எரிவதற்கு 5 வோல்ட் வந்தால் போதும்; பேசுவதற்கு அது போதாது. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. சார்ஜ் செய்ய மட்டும் என்று செய்த கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் ஒருமுறை ஒரு போர்டின் யூஎஸ்பி சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஹாட் ஏர் வைத்து அதைக் கழற்றி வேறு சிப் ஒட்டி, இரவு ஒரு மணிக்கு மறுபடி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. காலையில் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டே கம்பிகள். அன்றிலிருந்து, டேட்டா போகிறது என்று நானே சோதித்த கேபிள்களின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். நூல் இல்லாத கேபிள் மேசைக்கு வராது. உங்கள் கேபிளைச் சோதிக்க எளிய வழி: அதே கேபிளில் உங்கள் போனை மாட்டி, போனில் இருக்கும் ஃபோட்டோக்கள் கம்ப்யூட்டரில் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் கேபிள் நல்லது.

போர்டில் இருப்பது டைப்-சி வாயாக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தபிறகே கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுக்கும். அதைத் தெரிவிப்பது போர்டில் சிசி1, சிசி2 என்ற இரண்டு முனைகளிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள். மலிவான போர்டுகள் சிலவற்றில் இந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட போர்டை சி-யிலிருந்து சி-க்கு மாட்டினால் விளக்கே எரியாது. ஒரு முனை பழைய அகல ஏ வகையாக உள்ள கேபிளில் மாட்டினால் உடனே உயிர் வரும். போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுடையதில் விளக்கு எரிகிறது என்பதால் இது உங்கள் பிரச்சினை அல்ல, ஆனால் அடுத்த போர்டுக்கு நினைவில் இருக்கட்டும்.

கேபிள் நல்லது என்று தெரிந்த பின் ஹப் எதுவும் நடுவில் இல்லாமல், கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையில் நேராக மாட்டுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கம். இப்போது விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே மாட்டுங்கள். இங்கே நான்கு விதமாக நடக்கலாம், நான்குக்கும் அர்த்தம் வேறு.

சத்தமும் இல்லை, பட்டியலில் அசைவும் இல்லை: டேட்டா கம்பி வழியாக ஒன்றுமே போகவில்லை. கேபிள், அல்லது போர்டின் யூஎஸ்பி வாயில் விட்டுப்போன சால்டர். மைக்ரோ யூஎஸ்பி வாய்கள் இப்படி ஆடிப்போவது சகஜம்; லேசாக அழுத்திப் பிடித்தால் பட்டியலில் வந்து போகிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது சத்தம் வருகிறது, ஆனால் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்றும், உள்ளே போனால் கோட் 43 என்றும் வருகிறது: ஏதோ ஒன்று மாட்டப்பட்டிருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, ஆனால் ‘நீ யார்?’ என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. இதை டிரைவர் போட்டுச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் எந்த டிரைவர் என்று தேர்வு செய்ய வேண்டிய அடையாளமே வந்து சேரவில்லை. மோசமான கேபிள், மோசமான ஹப், போதாத மின்சாரம், உண்மையிலேயே பழுதான சிப், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். பலர் இந்தக் கட்டத்தில்தான் டிரைவராகத் தேடித் தேடி இறக்கி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர் வருகிறது: இப்போதுதான் டிரைவர் வேலை. ஈஎஸ்பி32 போர்டுகளில் பெரும்பாலும் சிபி2102 அல்லது சிஎச்340 குடும்பத்துச் சிப் ஒன்று யூஎஸ்பியை சீரியலாக மாற்றித் தருகிறது. எது என்று யூகிக்க வேண்டாம். அந்த வரியில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் இரண்டு எண்கள் இருக்கும். முதலெண் 1ஏ86 என்றால் சிஎச்340 குடும்பம். 10சி4 என்றால் சிபி2102 வகையறா. 0403 என்றால் எஃப்டி232. 2341 என்றால் அசல் ஆர்டுயினோ. சிப் செய்பவரின் தளத்திலிருந்து நேராக டிரைவரை எடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று திரியும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

நான்காவது விதம்: முக்கோணம் இல்லாமல், போர்ட்ஸ் தலைப்பின் கீழே ஒழுங்காக வருகிறது. அப்படியானால் ஐடிஇயைச் சாத்தித் திறந்தால் பட்டியலிலும் வந்துவிடும்.

நேற்றுவரை ஓடியது, விண்டோஸ் அப்டேட் ஆனபின் ஓடவில்லை என்றால் டிரைவரை ‘ரோல் பேக்’ செய்து பார்ப்பது தப்பில்லை. போலிச் சிப்கள் இந்தச் சந்தையில் ஏராளம், புது டிரைவர்கள் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த, எஃப்டி232 சிப் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று, போலி எஃப்டி232 சிப்களின் அடையாள எண்ணையே 0 என்று மாற்றி எழுதி, அவற்றை எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாமல் செய்துவிட்டது. பெரிய கூச்சல் கிளம்பி அந்த டிரைவரைப் பிறகு திரும்பப் பெற்றார்கள். வாங்கியவருக்குத் தன் போர்டில் இருப்பது போலி என்றே தெரியாது, தண்டனை மட்டும் அவருக்கு.

லினக்ஸில் டிரைவர் தொல்லை கிடையாது, கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அங்கே வேறு இரண்டு தொல்லைகள். ஒன்று அனுமதி: போர்ட் தெரியும், திறக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். உபுண்டு, டெபியன் வகைகளில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் லாக்அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்ததற்குப் பலனே இருக்காது. இரண்டாவது தொல்லை வேடிக்கையானது. உபுண்டு 22.04ல் சிஎச்340 போர்டை மாட்டினால் ஒரு நொடி வந்துவிட்டு மறைந்துவிடும். டெர்மினலில் டிமெஸ்ஜி கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தால் கதை முழுவதும் தெரியும்: சிப் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்தது என்று ஒரு வரி, உடனே பிஆர்எல்டிடிஒய் என்ற பெயரோடு ஒரு வரி, அடுத்து இணைப்பு அறுந்தது என்று ஒரு வரி. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் மென்பொருள். ஒரு பிரெயில் கருவியிலும் இதே சிப் இருப்பதால் உங்கள் போர்டை அந்தக் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்துபவர் யாரும் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

மேக்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பட்டியலில் ஒரே போர்டு இரண்டு பெயர்களில் தெரிந்தால், சிஸ்டத்தோடு வந்த டிரைவரும் நீங்கள் முன்பு போட்ட டிரைவரும் மோதுகின்றன. நீங்கள் போட்டதை எடுத்துவிடுங்கள்.

ஈஎஸ்பி32க்குப் போர்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஏறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ‘கனெக்டிங்’ என்று போட்டு, புள்ளியும் அடிக்கோடுமாக வரிசை நீண்டு, கடைசியில் ‘டைம்ட் அவுட்’ என்று முடியலாம். ‘ராங் பூட் மோட்’ என்றும் வரலாம். இந்தச் சிப் விழித்தெழும் கணத்தில் ஜிபிஐஓ0 என்ற முனையைப் பார்க்கும். அதில் வோல்ட்டேஜ் உயரத்தில் இருந்தால் பழைய ஸ்கெட்ச்சை ஓட்டும், தாழ்ந்திருந்தால் புதியதை வாங்கத் தயாராகும். போர்டில் உள்ள பூட் பொத்தான் செய்வது அதைத் தாழ்த்துவது மட்டுமே. ஈஎன் பொத்தான் ரீசெட். சாதாரணமாக இரண்டு டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு சின்னச் சுற்று கம்ப்யூட்டர் சொல்கிறபடி இதைத் தானே செய்துவிடும். சில போர்டுகளில் ரீசெட் விடுபடும் நேரமும் ஜிபிஐஓ0 தாழும் நேரமும் மயிரிழையில் பொருந்தாமல் போகும். அதற்குக் கை வைத்தியம்: பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே அப்லோட் கொடுங்கள், புள்ளிகள் வர ஆரம்பித்ததும் ஈஎன்னை ஒரு தட்டுத் தட்டுங்கள், சதவீதம் ஓடத் தொடங்கியதும் பூட்டை விடுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது அலுத்துப்போனால் ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் வையுங்கள். 10 மைக்ரோஃபாரட் போட்டுப் பலருக்குத் தீர்ந்திருக்கிறது, எனக்கு 1 மைக்ரோஃபாரடே போதுமாக இருந்தது.

அதற்கு முன் போர்டிலிருந்து மற்ற எல்லா வயர்களையும் கழற்றிவிடுங்கள். விழிக்கும் கணத்தில் ஜிபிஐஓ0 மட்டுமல்ல, 2, 12 போன்ற வேறு சில முனைகளையும் இந்தச் சிப் படிக்கிறது. ஜிபிஐஓ2ஐ ஏதாவது மேலே இழுத்துப் பிடித்திருந்தால் டவுன்லோட் நிலைக்குப் போகாது. ஜிபிஐஓ12 உயரத்தில் இருந்தால் ஃபிளாஷ் மெமரிக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் என்று முடிவு செய்துவிடும், பிறகு பூட் ஆகாது. 12ல் ஒரு சென்சாரை மாட்டிவிட்டு ‘போர்டு செத்துவிட்டது’ என்று வருபவர்கள் எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. ஏற்றியதும் ‘பிரவுன்அவுட் டிடெக்டர்’ என்ற வரியோடு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் அது மின்சாரப் பற்றாக்குறை. வைஃபை உயிர்பெறும் நொடியில் வோல்ட்டேஜ் சரிகிறது. மெலிந்த, நீளமான கேபிளை மாற்றுங்கள்.

இனி நானோ. இங்கே போர்ட் தெரிகிறது, ஆகவே மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. ‘நாட் இன் சிங்க்’ என்றால் என்ன நடக்கிறது? ஏவிஆர்டியூட் என்ற நிரல் முதலில் போர்டை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆனதும் சிப்பில் குடியிருக்கும் பூட்லோடர் என்ற குட்டி நிரல் சிறிது நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர், பதினாறடிமான எண்ணில் 30, 20 என்று இரண்டு பைட் அனுப்புகிறது: ‘இருக்கிறாயா?’ பூட்லோடர் 14, 10 என்று இரண்டு பைட் திருப்பித் தரவேண்டும்: ‘இருக்கிறேன், சொல்.’ அந்தப் பதில் வரவில்லை, அல்லது வேறு ஏதோ குப்பை வந்தது என்பதே அந்தப் பிழையின் முழு அர்த்தம். பத்து முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. ஸ்கெட்ச்சில் பிழை இருந்தால் அது கம்பைல் ஆகும்போதே நின்றிருக்கும், இவ்வளவு தூரம் வந்திருக்காது. எனவே ஸ்கெட்ச்சைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போது அந்த புளூடூத் மாட்யூல். அதை 0, 1 முனைகளில், அதாவது ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று அச்சடித்திருக்கும் இடத்தில் மாட்டியிருப்பீர்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி அப்படித்தான் காட்டுகின்றன. அந்த இரண்டு முனைகளும் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. போர்டிலிருக்கும் யூஎஸ்பி சிப்பும் அதே இரண்டு கம்பிகளில்தான், ஸ்கெட்ச்சை ஓட்டும் முக்கியச் சிப்பான ஏடிமெகா328பியோடு பேசுகிறது. ஆர்டுயினோவின் இன்னொரு போர்டான யூனோவிலும் பல நானோக்களிலும் யூஎஸ்பி சிப்பிலிருந்து வரும் வழியில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும். மாட்யூலின் டிஎக்ஸ் கம்பி அப்படி எந்தத் தடையும் இல்லாமல் நேராக வந்து சேர்கிறது. பேச்சில்லாத நேரத்தில் சீரியல் கம்பி உயரத்தில் நிற்பது வழக்கம், ஆகவே மாட்யூல் சும்மா இருந்தாலும் அந்தக் கம்பியை மேலே பிடித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் அனுப்பும் பைட்டுகள் கம்பியைத் தாழ்த்தப் பார்த்தாலும் ரெசிஸ்டர் வழியாக வரும் பலம் போதாது. இழுபறியில் மாட்யூல்தான் ஜெயிக்கும். ‘இருக்கிறாயா?’ என்ற கேள்வி 328பியின் காதுக்கே போகவில்லை.

ஆக, முதல் கோளாறு அது. மாட்யூலைக் கழற்றியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நீங்கள் செட்டிங்ஸ் ஃபோல்டரோடு ஐடிஇயை அழித்தீர்கள். அப்போது டூல்ஸ் மெனுவின் புராசஸர் வரியில் நீங்கள் எப்போதோ தேர்வு செய்து வைத்திருந்தது மறைந்து, முதலில் இருக்கும் வரிக்குத் திரும்பியிருக்கும். நானோவில் இரண்டு தலைமுறை பூட்லோடர்கள் உண்டு. பழையது நொடிக்கு 57600 பிட் வேகத்தில் பேசும். 2018லிருந்து அசல் நானோவில் வருவது 115200ல் பேசும். குளோன்கள் பல இன்றும் பழையதோடுதான் வருகின்றன. கம்ப்யூட்டர் இரட்டை வேகத்தில் கேட்டால் பூட்லோடருக்குப் புரியாது, பதில் வராது, திரையில் அதே ‘நாட் இன் சிங்க்’. பிழைச் செய்தி ஒன்றே, காரணம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. மாட்யூலைக் கழற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்று நீங்கள் பிறகு சேர்த்திருந்தீர்களே, அதன் விளக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே மாட்யூலைக் கழற்றிய நிலையிலேயே, புராசஸர் மெனுவில் ஓல்ட் பூட்லோடர் என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். இரண்டையும் ஒருசேரச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏறிவிட்டால் மாட்யூலை இனி 10, 11 முனைகளுக்கு மாற்றி சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். ஹெச்சி-05ன் வழக்கமான 9600 வேகத்துக்கு அது தாராளம்.

அப்படியும் ஏறவில்லையென்றால், நானோவின் ரீசெட் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு எல் என்று எழுதியிருக்கும் குட்டி எல்இடியை மட்டும் உற்றுப் பாருங்கள். விரைவாகத் துடித்து அடங்கினால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. ஒரு துடிப்பும் இல்லாமல் நேராகப் பழைய ஸ்கெட்ச்சுக்குப் போனால், அல்லது இருட்டாகவே இருந்தால், பூட்லோடர் போயிருக்கலாம். அடுத்து, அப்லோட் கொடுக்கும்போது எல் துடிக்கிறதா என்று பாருங்கள். பொத்தானுக்குத் துடிக்கிறது, அப்லோடுக்குத் துடிக்கவில்லை என்றால் தானியங்கி ரீசெட் வேலை செய்யவில்லை. யூஎஸ்பி சிப்பின் டிடிஆர் முனையிலிருந்து ரீசெட்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போகிறது, அதில் சால்டர் விட்டிருக்கும். சால்டர் அடிக்கும்வரை கையால் ஓட்டலாம்: ரீசெட்டை அழுத்திப் பிடித்து, அப்லோட் கொடுத்து, கம்பைல் முடிந்து ‘அப்லோடிங்’ என்று வரும் கணத்தில் விடுங்கள். முதல் முறையே அமையாது. மூன்று நான்கு தடவையில் கை பழகிவிடும்.

யூஎஸ்பி பக்கம் பழுதா, 328பி பக்கம் பழுதா என்று சந்தேகமே இல்லாமல் பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. ரீசெட் முனையை ஒரு வயரால் கிரவுண்டோடு சேருங்கள்; 328பி உறங்கிவிடும். 0க்கும் 1க்கும் இடையே இன்னொரு வயர். இப்போது சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டச்சு செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், சிப், டிரைவர், போர்ட் எல்லாம் கச்சிதம், மிச்சமிருப்பது 328பி மட்டும்தான். திரும்பி வந்தால் 0-1 வயரை மட்டும் கழற்றிவிட்டு இப்போது ஒன்றும் வராததையும் உறுதி செய்துகொள்ளுங்கள்; முதலிலேயே திரும்பி வராவிட்டால் யூஎஸ்பி சிப்பைச் சந்தேகப்படலாம். முடிந்ததும் இரண்டு வயர்களையும் எடுக்க மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

பூட்லோடர் போயிருந்தாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். இன்னொரு யூனோ இருந்தால் அதில் ஆர்டுயினோ ஏஸ் ஐஎஸ்பி என்ற எடுத்துக்காட்டு ஸ்கெட்ச்சை ஏற்றி, அதன் 11, 12, 13ஐ நானோவின் அதே எண்களுக்கும், அதன் 10ஐ நானோவின் ரீசெட்டுக்கும், கூடவே 5 வோல்ட், கிரவுண்டும் இணையுங்கள். யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை, நீளமான கால் ரீசெட் பக்கம் இருக்கும்படி, ஸ்கெட்ச் ஏற்றிய பிறகு வையுங்கள். வைக்காவிட்டால் யூனோவே ரீசெட் ஆகி, தன் பூட்லோடரோடு பேச்சுப் போய்விடும். பிறகு டூல்ஸ் மெனுவில் ‘பர்ன் பூட்லோடர்’. புதிய பூட்லோடரைத் தேர்ந்தெடுத்து எரித்தால் இனி புராசஸர் மெனுவில் அதற்கேற்ற வரியையே வைக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

‘ஆக்சஸ் டினைட்’ அல்லது போர்ட் பிஸி என்று வந்தால் அது வேறு கதை, சின்னக் கதை: வேறு ஏதோ ஒரு நிரல் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது. இன்னொரு ஐடிஇ ஜன்னல், சீரியல் மானிட்டர், 3டி பிரிண்டர் மென்பொருள். மூடுங்கள், தீர்ந்தது.

லியோனார்டோ, புரோ மைக்ரோ, ஈஎஸ்பி32-எஸ்3, சி3, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற போர்டுகள் பின்னால் உங்கள் கைக்கு வரும் என்பதால் ஒரு வார்த்தை. இவற்றில் தனி யூஎஸ்பி சிப் இல்லாமல், ஸ்கெட்ச் ஓடும் அதே சிப்பே யூஎஸ்பியையும் பார்த்துக்கொள்ள முடியும். அப்படிப் பார்த்துக்கொள்ளும்போது ஸ்கெட்ச் உறைந்துபோனால், அல்லது சிப்பைத் தூங்க வைத்தால், போர்ட்டும் சேர்ந்து மறைந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. புரோ மைக்ரோவில் ரீசெட்டை இரண்டு முறை விரைவாகத் தட்டினால் பூட்லோடர் ஏறக்குறைய 8 நொடி விழித்திருக்கும், போர்ட் எண் வேறாக வரும், அதற்குள் ஏற்ற வேண்டும். பிக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு கேபிளை மாட்டினால் ஒரு பென்டிரைவ் போல வந்து நிற்கும், கம்பைல் ஆன நிரல் இருக்கும் யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் போதும். அந்தப் பூட் நிரல் சிப்பிலேயே அழிக்க முடியாத இடத்தில் இருப்பதால், தவறான ஸ்கெட்ச் ஏற்றிப் பிக்கோவைக் கெடுப்பது அநேகமாக முடியாத காரியம். கற்றுக்கொள்பவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய அது ஒன்றே போதும்.

ஸ்கெட்ச்சைச் சந்தேகிக்க வேண்டாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு நான் அறிந்த ஒரே வினோத விதிவிலக்கு பழைய மெகா 2560 போர்டு. ஸ்கெட்ச்சில் எங்காவது மூன்று ஆச்சரியக்குறிகள் அடுத்தடுத்து இருந்தால் அதன் அந்தக் காலத்து பூட்லோடர் அதைத் தன் மானிட்டர் நிலைக்கான அழைப்பு என்று எடுத்துக்கொண்டு அப்லோடைப் பாதியில் நிறுத்திவிடும். ‘வணக்கம்!!!’ என்று எழுதியதால் ஏறாத ஸ்கெட்ச்சை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் நானோவுக்கு அந்த வியாதி கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் நின்றால், பிரிஃபரன்சஸில் அப்லோடுக்கான ‘வெர்போஸ்’ பெட்டியில் டிக் போட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். கடைசிச் சிவப்பு வரியை மட்டும் அனுப்பாமல், முதல் வரியிலிருந்து முழுவதையும் அனுப்புங்கள். அதில் வேகம் 57600 என்று இருக்கிறதா 115200 என்று இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கூடவே மூன்று விவரங்கள்: மாட்டும்போது பட்டியலில் வரி கூடுகிறதா, ரீசெட் தட்டினால் எல் துடிக்கிறதா, 0-1 வயர் சோதனையில் எழுத்து திரும்பி வந்ததா.